மதிலுக்கு வெளியே ஒரு வரிசை வீடுகள்

1850-களில் ஜெருசலேம் மதிலுக்குள் அடைந்து கிடந்த ஊர். 16-ஆம் நூற்றாண்டில் துருக்கிய சுல்தான் சுலைமான் எழுப்பிய மதில் அது. உள்ளே ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் நிலம். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், யூதர்கள், ஆர்மீனியர்கள் எல்லோரும் அதற்குள்தான் நெருங்கி வாழ்ந்தார்கள். பொழுது சாய்ந்ததும் வாசற்கதவுகளை அடைத்துவிடுவார்கள். வெளியே மாட்டிக்கொண்டவர் கொள்ளையருக்கு அஞ்சியபடி விடியும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. குடிக்க மழைநீர்த் தொட்டிதான். தெருவில் திறந்த சாக்கடை. ஏழை யூதக் குடும்பங்கள் காற்றோட்டமில்லாத சிற்றறைகளில் ஒண்டிக் கிடந்தன. காலரா வந்தால் அந்தச் சந்துகளில்தான் முதலில் பிணம் விழும்.

இன்றைய ஜெருசலேமின் மக்கள்தொகை பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது. மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம் அதில் ஒரு சிறு துண்டு. அந்த மதிலைத் தாண்டி யூதர்களுக்கென முதல் குடியிருப்பைக் கட்டியவர் லண்டன்வாசி ஒருவர். பங்குத் தரகிலும் வங்கித் தொழிலிலும் பெரும்பொருள் சேர்த்து, அதை அடுத்த அறுபது ஆண்டுகள் பிறருக்காகச் செலவழித்த சர் மோசஸ் மாண்டிஃபியோரி. 1784-ல் பிறந்து 1885-ல் மறைந்தவர். நூறு வயதையும் கடந்து வாழ்ந்தவர்.

அவர் விட்டுச்சென்றவை பல: நிறுவனங்கள், ஆணைகள், வீடுகள், ஒரு மாவாலை, சில பதிவேடுகள். அவை ஒவ்வொன்றும் இன்று யார் கையில் இருக்கின்றன, யாருக்குப் பயன்படுகின்றன என்று பார்த்தால், ஒரு தருமத்தின் வாழ்வு கொடுத்தவரின் வாழ்வைவிட நீளமானது என்பதும், அந்த நீண்ட வாழ்வில் அது திசைமாறவும் கூடும் என்பதும் தெளிவாகத் தெரிகிறது.

பன்னிரண்டு பேரில் ஒருவர்

மாண்டிஃபியோரியின் குடும்பம் இத்தாலிய வேர் கொண்டது, வாழ்ந்தது லண்டனில். பெற்றோர் இத்தாலிக்குப் போயிருந்த சமயத்தில் லிவோர்னோ துறைமுக நகரில் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. மளிகை, தேயிலை மொத்த வியாபாரிகளிடம் தொழில் பழகினார். பிறகு தரகுத் தொழிலுக்கு வந்தார்.

அன்றைய லண்டனில் யூதர் ஒருவர் தரகர் ஆவதற்கே எல்லைக்கோடு இருந்தது. உரிமம் பெற்ற யூதத் தரகர்கள் பன்னிரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஓர் இடம் காலியானால்தான் இன்னொருவர் நுழைய முடியும். அதற்கும் பெருந்தொகை கொடுக்க வேண்டும். அப்படி நுழைந்த மாண்டிஃபியோரி, 1806-ல் ஒருவர் செய்த மோசடியில் சிக்கி எல்லாவற்றையும் இழந்தார். கடனை அடைத்து, பெயரை மீட்டு, மறுபடியும் தலைநிமிர அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

1812-ல் ஜூடித் கோஹனை மணந்தார். ஜூடித்தின் அக்கா ஹன்னாவின் கணவர் நேதன் மேயர் ராத்ஸ்சைல்ட். ஐரோப்பாவின் அரசுகளுக்கே கடன் கொடுத்த வங்கிக் குடும்பத்தின் லண்டன் தலைவர் அவர். சகலைகள் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்கள். தொழிலிலும் சேர்ந்தே நின்றார்கள். நாற்பது வயதை எட்டும்போதே மாண்டிஃபியோரிக்குப் போதுமான செல்வம் சேர்ந்துவிட்டது. 1824-ல் அன்றாட வியாபாரத்திலிருந்து அவர் விலகிக்கொண்டார்.

பணம் இருந்தும் குடியுரிமை முழுமையாக இல்லாத காலம் அது. ஆக்ஸ்ஃபோர்டில் யூதர் சேரவே முடியாது. கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்க முடியாது. நாடாளுமன்ற உறுப்பினராக வேண்டுமானால் கிறிஸ்தவ உறுதிமொழி எடுக்க வேண்டும். நேதனின் மகன் லயனல் 1847-ல் லண்டன் நகரத் தொகுதியில் வென்றும், தன் சமய முறைப்படி உறுதிமொழி எடுத்து அவையில் அமர 1858 வரை பதினொரு ஆண்டுகள் காத்திருந்தார். இந்தச் சூழலில்தான் 1837-ல் மாண்டிஃபியோரி லண்டன் நகரின் ஷெரீஃப் ஆனார். அதே ஆண்டு விக்டோரியா ராணி அவருக்குச் சர் பட்டம் அளித்தார். இன்று பிரிட்டனில் எந்தச் சமயத்தவருக்கும் அந்தத் தடைகளில் ஒன்றுகூட இல்லை.

காசு போன வழிகள்

தொழிலை விட்டு விலகிய அதே 1824-ல் ராத்ஸ்சைல்டும் அவரும் வேறு சில செல்வந்தர்களும் சேர்ந்து அலையன்ஸ் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் காப்பீட்டுக் கணக்கு வல்லுநராக அமர்ந்தவர் மாண்டிஃபியோரியின் தங்கை கணவர் பெஞ்சமின் கோம்பர்ட்ஸ். யூதர் என்பதால் பல்கலைக்கழகக் கதவு திறக்காமல், தானாகவே கணிதம் கற்றவர். வயது ஏற ஏற மனிதருக்கு இறப்பு வாய்ப்பு எவ்வாறு பெருகிக்கொண்டே போகிறது என்பதற்கு 1825-ல் அவர் ஒரு சூத்திரம் தந்தார். ஆயுள் காப்பீட்டுக் கணக்குக்கும் முதுமை ஆய்வுக்கும் இன்றும் அதுவே அடிப்படைப் பாடம். அலையன்ஸ் 1959-ல் சன் நிறுவனத்தோடும், 1996-ல் ராயல் நிறுவனத்தோடும் இணைந்தது. அந்தப் பெரிய நிறுவனமும் 2021-ல் விற்கப்பட்டது. அதன் பிரிட்டன் கிளை இப்போது கனடா நாட்டு நிறுவனம் ஒன்றின் கையில். மாண்டிஃபியோரி இயக்குநராக இருந்த அயர்லாந்து புரொவின்ஷியல் வங்கி 1966-ல் வேறு இரண்டு வங்கிகளோடு சேர்ந்து அலைட் ஐரிஷ் வங்கி ஆயிற்று. ஐரோப்பிய நகரங்களின் தெருக்களுக்கு எரிவாயு விளக்கு கொண்டுபோன நிறுவனத்திலும் அவருக்குப் பங்கு இருந்தது.

இன்னொரு காசின் கதையையும் சொல்லியாக வேண்டும். அதில் தமிழர் வரலாறும் கலந்திருக்கிறது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல் நிறைவேறியது. அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு என்று முடிவாயிற்று. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அந்தப் பெருந்தொகையில் 1.5 கோடி பவுண்டை 1835-ல் அரசுக்குக் கடனாகத் திரட்டித் தந்த குழுவின் தலைமையில் நேதன் ராத்ஸ்சைல்டும் மாண்டிஃபியோரியும் இருந்தார்கள். மொரீஷியஸ் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு மட்டும் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. விடுதலை பெற்றவர்கள் விட்டுப்போன வேலைக்கு ஆள் தேடியபோது இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அவர்கள் வழிவந்தோர் வாழும் மொரீஷியஸில் தைப்பூசம் இன்று அரசு விடுமுறை. பிரிட்டிஷ் அரசின் கணக்கிலிருந்து அந்த இழப்பீட்டுக் கடனின் எச்சம் முழுதாகத் தீர்ந்தது 2015-ல்தான்.

கருணை மிக்க ஒரு மனிதரின் வாழ்க்கையில் இந்தக் கணக்கும் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு அவருடைய கொடையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

அரண்மனை வாசல்களில்

மாண்டிஃபியோரியை மற்றப் பணக்காரர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது அவருடைய கால்கள். பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தவர் அல்லர். துன்பம் நடந்த இடத்துக்குத் தானே போனார்.

1840 பிப்ரவரியில் டமாஸ்கஸ் நகரில் தாமஸ் என்ற கத்தோலிக்கத் துறவி தன் பணியாளோடு காணாமல் போனார். சமயச் சடங்குக்காக யூதர்கள் அவரைக் கொன்று இரத்தம் எடுத்தார்கள் என்று பழி எழுந்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக யூத உயிர்களைக் குடித்த பொய் அது. பிரெஞ்சுத் தூதரே அந்தப் பழிக்கு உரம் போட்டார். நகரின் யூதப் பெரியவர்கள் பிடிக்கப்பட்டு வதைக்கப்பட்டார்கள்; சிலர் வதை தாங்காமல் இறந்தார்கள்.

சிரியா அப்போது எகிப்தின் முகமது அலி பாஷாவின் கட்டுப்பாட்டில் இருந்தது. மாண்டிஃபியோரி, பிரான்சின் யூத வழக்கறிஞர் அடால்ஃப் கிரெமியோவுடன் அலெக்சாந்திரியாவுக்குக் கப்பலேறினார். வாரக்கணக்கில் பாஷாவின் வாசலில் நின்று, உயிரோடு எஞ்சியிருந்த கைதிகளை விடுவித்தார். அதோடு திரும்பிவிடவில்லை. நேரே இஸ்தான்புல் சென்று சுல்தான் அப்துல் மெஜிதைச் சந்தித்தார். 1840 நவம்பரில் சுல்தானிடமிருந்து ஓர் ஆணை கிடைத்தது: யூதர்மீதான இரத்தப் பழி ஆதாரமற்றது, அவர்களுக்கும் மற்றக் குடிமக்களைப் போலவே பாதுகாப்பு உண்டு.

அடுத்து, யூதர்களுக்காகப் பேச, 1846-ல் ரஷ்யாவில் ஜார் நிக்கோலஸ்; 1864-ல் மொராக்கோவில் சுல்தான்; 1867-ல் ருமேனியா. ரோமில் தோல்வி. வீட்டு வேலைக்காரி ரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள் என்ற காரணத்தால், எட்கார்டோ மோர்டாரா என்ற ஆறு வயது யூதச் சிறுவனைப் போப்பாண்டவரின் காவலர்கள் 1858-ல் பெற்றோரிடமிருந்து பறித்துப் போனார்கள். பிள்ளையை மீட்க மறு ஆண்டு ரோமுக்குப் போன மாண்டிஃபியோரியைப் போப் சந்திக்கவே மறுத்துவிட்டார்.

அவருடைய மனத்தின் அளவைக் காட்டும் செய்தி வேறொன்று. 1860-ல் லெபனானிலும் டமாஸ்கஸிலும் கிறிஸ்தவர்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் அதே டமாஸ்கஸின் கிறிஸ்தவர் பலர் யூதர்மேல் பழி சுமத்தியவர்கள். அதை மனத்தில் வைக்காமல், அந்த அகதிகளுக்கு உதவி கேட்டு லண்டன் டைம்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதி, தன் பணத்தையும் முதலில் வைத்து நிதி தொடங்கியவர் எழுபத்தைந்து வயது மாண்டிஃபியோரி.

இன்று நிலைமை என்ன? கத்தோலிக்கத் திருச்சபை 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் யூதர்மீதான பழைய பார்வையை வெளிப்படையாக மாற்றிக்கொண்டது. ஆனால் அந்தப் பொய் சாகவில்லை. 1983-ல் சிரியாவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த முஸ்தஃபா த்லாஸ் டமாஸ்கஸ் பழியை உண்மையென்று சொல்லி ஒரு புத்தகமே எழுதினார். மாண்டிஃபியோரி காக்கப் போராடிய சமூகங்களும் அந்த இடங்களில் பெரும்பாலும் இல்லை. டமாஸ்கஸில் எஞ்சியிருக்கும் யூதர்களை விரல்விட்டு எண்ணலாம். 1948-ல் சுமார் இரண்டரை லட்சம் யூதர்கள் வாழ்ந்த மொராக்கோவில் இப்போது சில ஆயிரம் பேர்கூடத் தேறுவது கடினம்.

மாவாலையும் வீடுகளும்

1827-லிருந்து 1875 வரை மாண்டிஃபியோரி ஜெருசலேமுக்கு ஏழுமுறை போனார். கடைசிப் பயணத்தின்போது வயது தொண்ணூறு. முதல் பயணத்தின்போது யாஃபா துறைமுகத்தில் இறங்கி, குதிரையிலும் கோவேறு கழுதையிலும் மலைப்பாதை ஏற வேண்டியிருந்தது. இன்று டெல் அவிவிலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஜெருசலேம்.

அங்கே அவர் கண்டது தலைமுறை தலைமுறையாக வெளிநாட்டு நன்கொடையை நம்பியே வாழ்ந்த ஒரு சமூகம். கையேந்தும் நிலை மாற வேண்டும் என்பது அவர் எண்ணம். அச்சகம் வாங்கிக் கொடுத்தார். நெசவுக்கூடம் வைத்தார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். சில நிலைத்தன, சில விரைவில் மூடின. 1854-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் யூதா டூரோ என்ற வணிகர் இறந்தார். ஜெருசலேம் ஏழைகளுக்காகப் பெருந்தொகை எழுதிவைத்து, அதைச் செலவிடும் பொறுப்பை மாண்டிஃபியோரியிடம் ஒப்படைத்திருந்தார்.

மறு ஆண்டு மாண்டிஃபியோரி, மதிலுக்கு வெளியே, சீயோன் மலைக்கு எதிரே பள்ளத்தாக்கின் மறுசரிவில் நிலம் வாங்கினார். முதலில் 1857-ல் எழுந்தது ஒரு காற்றாலை. மக்கள் சொந்தமாக மாவரைத்துப் பிழைக்கட்டும் என்பது நோக்கம். அதன் பாகங்கள் இங்கிலாந்தின் கான்டர்பரியில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தன. ஆலை சுமார் இருபது ஆண்டுகள்தான் ஓடியது. இங்கிலாந்தின் மென்மையான கோதுமைக்கு ஏற்ற கல், இந்த ஊர்க் கெட்டிக் கோதுமைக்கு ஒத்துவரவில்லை. காற்றும் போதவில்லை. பிறகு நீராவி ஆலைகள் வந்துவிட்டன.

1860-ல் கட்டிமுடிந்தது மிஷ்கெனோத் ஷஅனனீம் என்ற குடியிருப்பு. நீண்ட ஒரே கட்டடத்தில் ஒன்றரை அறை கொண்ட சிறு வீடுகள் வரிசையாக. இரும்புக் கைப்பிடி கொண்ட தண்ணீர்ப் பம்பு, பொது அடுப்பு, வழிபாட்டிடம். வாடகை கிடையாது. ஆனாலும் ஆட்கள் வர அஞ்சினார்கள். பகலில் இங்கே இருந்துவிட்டு, இரவில் மதிலுக்குள் ஓடிவிடுவார்கள். உதவித்தொகை கொடுத்துத்தான் தங்கவைக்க வேண்டியிருந்தது. 1860-களில் காலரா மதிலுக்குள் பலரைக் கொண்டுபோனபோதுதான் வெளியில் இருப்பதன் நன்மை ஊருக்குப் புரிந்தது. 1890-களில், அவர் மறைவுக்குப் பிறகு, அதே நிலத்தில் அவர் பெயரிலேயே யெமின் மோஷே என்ற குடியிருப்பு எழுந்தது.

இன்று அங்கே யார்?

1948 போருக்குப் பின் ஜெருசலேம் இரண்டாகப் பிளந்தது. யெமின் மோஷே எல்லைக்கோட்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. எதிர்மதிலிலிருந்து குண்டு பாயும் இடத்தில் வசதியுள்ளவர் யார் குடியிருப்பார்? போக்கிடமில்லாத ஏழைக் குடியேறிகள் வந்து தங்கினார்கள். பத்தொன்பது ஆண்டுகள் அந்த அபாயத்தைச் சுமந்தவர்கள் அவர்கள்தான்.

1967 போரில் இஸ்ரேல் கிழக்குப் பகுதியைப் பிடித்ததும் எல்லைக்கோடு மறைந்தது. பழைய நகரத்தைப் பார்த்தபடி இருக்கும் அந்தச் சரிவு ஒரே நாளில் பொன்விளையும் நிலமாயிற்று. இழப்பீடு கொடுத்து ஏழைகள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் புதுப்பிக்கப்பட்டு வசதியுள்ளவர்களிடம் போயின. இன்று யெமின் மோஷே ஜெருசலேமின் மிக விலையுயர்ந்த பகுதிகளில் ஒன்று. வெளிநாட்டுச் செல்வந்தர் பலர் அங்கே வீடு வாங்கி, பண்டிகைக்கு மட்டும் வந்துபோகிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி அந்தக் கதவுகள் பூட்டியே கிடக்கின்றன. மிஷ்கெனோத் ஷஅனனீம் 1973-லிருந்து எழுத்தாளர்களும் கலைஞர்களும் தங்கும் விருந்தினர் இல்லம். நாவலாசிரியர் சால் பெல்லோ அங்கே தங்கியிருக்கிறார். காற்றாலை 2012-ல் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் சுழல்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே 1948-ல் அருகிலிருந்த மேற்கு ஜெருசலேம் பகுதிகளான தால்பியா, கதமோனில் வாழ்ந்த அரபுக் குடும்பங்கள் வீடிழந்து, திரும்ப முடியாமல் போனதும் இந்த நிலத்தின் கதையோடு சேர்ந்ததே. பெத்லகேம் அருகே மாண்டிஃபியோரி 1841-ல் செப்பனிட்டு முன்கூடம் கட்டிய, விவிலிய மூதாய் ராகேலின் கல்லறை அப்போது சாலையோரத்துச் சிறு குவிமாடம். இன்று அது இஸ்ரேல் எழுப்பிய உயரமான கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே இருக்கிறது. மதிலைத் தாண்டி மக்களைக் கொண்டுவந்தவர் கட்டிய கட்டடத்தைச் சுற்றியே புது மதில்.

நிலைத்தவை

எல்லாம் இப்படித் திசைமாறிவிடவில்லை. உதவி யாருக்குச் சேர வேண்டும் என்று அறிய, 1839-லிருந்து பெரும்பாலான பயணங்களை ஒட்டி அவர் பாலஸ்தீனத்து யூதர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். பெயர், வயது, பிறந்த ஊர், தொழில், குடும்ப நிலை, அனாதைகள், விதவைகள் என ஊர் ஊராக எழுதினார்கள். சில்லறை உதவிக்கென எழுதிய அந்த ஏடுகள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு, வரலாற்று ஆய்வாளர்களும் தம் முன்னோரைத் தேடும் குடும்பங்களும் புரட்டும் ஆவணங்களாகியிருக்கின்றன.

இங்கிலாந்தின் ராம்ஸ்கேட்டில் அவர் வாழ்ந்த மாளிகை 1950-களில் இடிக்கப்பட்டது; அந்த நிலம் இன்று பொதுமக்கள் பூங்கா. 1833-ல் அவர் கட்டிய சிறிய தொழுகைக்கூடமும், ராகேலின் கல்லறையைப் போலவே அமைத்து அவரும் ஜூடித்தும் அடக்கமான மண்டபமும் அங்கே நிற்கின்றன.

நியூயார்க் யூதர்கள் 1884-ல் அவருடைய நூறாவது பிறந்தநாளை ஒட்டி ஒரு காரியம் செய்தார்கள். தீராத நோய் என்று மற்ற மருத்துவமனைகள் கைவிட்டவர்களுக்காக அவர் பெயரில் ஓர் இல்லம் திறந்தார்கள். அது வளர்ந்து பிராங்க்ஸ் பகுதியில் பெரும் மருத்துவமனையாக இயங்குகிறது. நியூயார்க்கின் மிக ஏழ்மையான அந்த வட்டாரத்தின் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழியினரும் இன்று அங்கே சிகிச்சை பெறுகிறார்கள். அவர் தன் கையால் கட்டிய வீட்டில் ஏழைக்கு இடமில்லை. அவர் பார்த்தேயிராத மருத்துவமனையில் ஏழைக்கு இடம் இருக்கிறது.

இந்த வேறுபாடு ஏன் வந்தது? ஜெருசலேம் வீடுகளில் கல்லும் பெயரும் காக்கப்பட்டன. குடியிருக்க வேண்டியவர் யார் என்ற நிபந்தனை காக்கப்படவில்லை. நிலத்தின் விலை ஏறியதும் ஏழையின் பக்கம் நின்று பேச ஆள் இல்லை. பிராங்க்ஸில் நோயாளியின் முகமும் மொழியும் மாறிக்கொண்டே வந்தன. கைவிடப்பட்டவருக்கே இந்த இடம் என்ற நோக்கம் மாறவில்லை.

மாண்டிஃபியோரி தன் வாழ்நாளில் பணம் கொடுத்ததோடு நிற்காமல், கூடவே போய்ப் பார்த்தார், கணக்கெடுத்தார், உதவி யாரைச் சேர்கிறது என்று கேள்வி கேட்டார். அவருக்குப் பின் எங்கெல்லாம் அந்தக் கேள்வியை ஒருவர் தொடர்ந்து கேட்டாரோ அங்கெல்லாம் அவருடைய அறம் உயிரோடு இருக்கிறது. அறக்கட்டளை எழுதுகிறவர்கள் கட்டடத்தின் அளவை எழுதுவதற்கு முன் இரண்டைத் தெளிவாக எழுதிவையுங்கள்: இது யாருக்கு, அது அவருக்குப் போகாவிட்டால் தட்டிக்கேட்பது யார். முன்னோர் ஒருவர் உங்கள் ஊருக்கு எழுதிவைத்த கட்டளை ஏதேனும் இருந்தால், அது இன்று யாரைச் சேர்கிறது என்று நீங்களே போய் விசாரியுங்கள்.